ஒரு நோயெதிர்ப்பியல் ஆய்வாளரின் வெளியீடுகளை எடைபோடுவது எப்படி? சேலம் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் நுண்ணுயிரியல், விலங்கியல், உயிர்வேதியியல் ஆகிய துறைகளில் முதுகலை படிக்கும் மாணவர்களிடம், கருத்தரங்குக்காகவோ பிஎச்.டி. நெறியாளரைத் தேர்ந்தெடுப்பதற்காகவோ, ஒரு நோயெதிர்ப்பியல் ஆய்வாளரின் பணியைப் பற்றி எழுதிவரச் சொன்னால், பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்த பக்கம்தான் வருகிறது. இத்தனை கட்டுரைகள், இத்தனை மேற்கோள்கள், மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் எச்-இண்டெக்ஸ் இவ்வளவு, பெற்ற விருதுகள் இவை என்று அது முடிந்துவிடுகிறது. அந்த ஆய்வாளர் எதைக் கண்டறிந்தார், அது சரிதான் என்று வேறு எந்த ஆய்வகம் உறுதிசெய்தது, அதை வைத்துக்கொண்டு பிறர் என்ன செய்தார்கள் என்ற மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் அந்தப் பக்கத்தில் விடை இருப்பதில்லை. இந்த மூன்றுக்கும் விடை தேடும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். எண்களே வேண்டாம் என்பது என் வாதமன்று. அவை கடைசியில் பார்க்க வேண்டியவை என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

தேடலைத் தொடங்குவதற்கு முன், ஆய்வாளரின் பெயர் அச்சில் எத்தனை வடிவங்களில் வந்திருக்கிறது என்று பாருங்கள். குடும்பப்பெயர் இல்லாமல் தலைப்பெழுத்தோடு பெயர் எழுதும் நம் வழக்கம் பன்னாட்டு ஆய்விதழ்களின் படிவங்களுக்குள் எளிதில் அடங்குவதில்லை. எடுத்துக்காட்டாக, ப. செந்தில்குமார் என்று ஓர் ஆய்வாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் இதழ் அவரைச் செந்தில்குமார் ப. என்று பதிவுசெய்யும். தலைப்பெழுத்தை விரித்தெழுதச் சொல்லும் இன்னோர் இதழில் தந்தையின் பெயரான பழனிசாமியே குடும்பப்பெயராகி, பழனிசாமி செ. என்று அவர் இடம்பெறுவார். மூன்றாவது இதழ் அவர் பெயரையே இரண்டாகப் பிரித்துக் குமார் செ. ப. ஆக்கியிருக்கும். ஊர்ப் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து எழுதுபவராக இருந்தால் நான்காவது வடிவமும் உண்டு. திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்தை மாற்றிக்கொண்ட பெண் ஆய்வாளர்களின் தொடக்ககாலக் கட்டுரைகள் இந்தக் காரணத்தாலேயே கணக்கில் வராமல் போகின்றன. இது பொறுத்துக்கொள்ளக்கூடிய இழப்பன்று.

இந்தச் சிக்கலைத் தீர்க்கவே 2012 முதல் ஆர்கிட் எண் என்ற 16 இலக்க அடையாள எண் வழங்கப்படுகிறது. ஆய்வாளர் அதைப் பெற்றுத் தொடர்ந்து புதுப்பித்து வந்திருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. இந்தியாவில் பணியாற்றுபவராக இருந்தால், பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் வித்வான் என்ற ஆய்வாளர் விவரத் தளத்தில் அவருடைய பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அவருடைய ஆய்வேடும், அவரிடம் பயின்றவர்களின் ஆய்வேடுகளும் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் கிடைக்கக்கூடும். கிடைத்த பட்டியலை அப்படியே நம்பிவிட வேண்டாம். கூகுள் ஸ்காலர் பக்கங்களில் அதே பெயருடைய வேறொருவரின் கட்டுரைகள் கலந்திருப்பது வழக்கமாக நடப்பது. பணியாற்றிய நிறுவனம், உடன் எழுதியோர், ஆய்வுப்பொருள் ஆகிய மூன்றில் இரண்டேனும் பொருந்தினால்தான் ஒரு கட்டுரையை அவருடையதாகக் கொள்ளுங்கள்.

பெயரே இல்லாத பணியும் உண்டு என்பதை நம் மாநிலத்து மாணவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்க உலகில் நடந்த மிகப் பெரிய களஆய்வு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் பங்கேற்றார்கள். நுரையீரல் காசநோயிலிருந்து பெரியவர்களை அந்த ஊசி காக்கவில்லை என்ற முடிவு உலகெங்கும் அதிர்ச்சியை உண்டாக்கியது. மண்ணிலும் நீரிலும் வாழும் பிற மைக்கோபாக்டீரியங்களோடு மக்களுக்கு ஏற்கெனவே ஏற்பட்டிருந்த தொடர்பு இதற்குக் காரணமாக இருக்குமா என்ற கேள்வியும், குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய் வகைகளில் அதே ஊசி ஏன் பயன்தருகிறது என்ற கேள்வியும் அதன்பின் பல ஆய்வகங்களைப் பல்லாண்டுகள் ஈடுபடுத்தின. பதினைந்து ஆண்டுத் தொடர்கண்காணிப்பின் முடிவு 1999-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியானபோது, ஆசிரியர் என்ற இடத்தில் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் பெயரே இருந்தது. வீடு வீடாகச் சென்றவர்கள், சளி மாதிரிகளை வளர்த்துப் பார்த்தவர்கள், புள்ளிவிவரங்களைச் சரிபார்த்தவர்கள் ஆகியோரில் எவருடைய எச்-இண்டெக்ஸும் அதனால் உயரவில்லை. எனவே, ஆய்வாளர் பணியாற்றிய நிறுவனத்தின் பெயரிலும் ஒருமுறை தேடுங்கள்.

எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், ஐந்தை முழுமையாகப் படியுங்கள்

இருநூறு கட்டுரைகள் எழுதியவரின் பணியை அறிய இருநூறையும் படிக்க முடியாது. முதலில் மறுஆய்வுக் கட்டுரைகளைத் தனியே பிரித்து வையுங்கள். பிறர் கண்டவற்றைத் தொகுத்துச் சொல்லும் அவை மிகுதியாக மேற்கோள் பெறும் என்றாலும், ஆய்வாளரின் சொந்தக் கண்டுபிடிப்பை அவற்றில் தேட முடியாது. எஞ்சியவற்றில், அவர் முதல் ஆசிரியராக இருந்த தொடக்ககாலக் கட்டுரைகளில் இரண்டையும், கடைசி ஆசிரியராகவோ தொடர்பு ஆசிரியராகவோ இருந்தவற்றில் மூன்றையும் தேர்ந்தெடுங்கள். நோயெதிர்ப்பியலில் முதல் பெயர் சோதனைகளைச் செய்தவருக்கும், கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துபவருக்கும் உரியதாக அமைவது வழக்கம். நடுவில் வரும் பெயர்களின் பங்கு என்ன என்பது, கட்டுரையின் இறுதியில் உள்ள ஆசிரியர் பங்களிப்புப் பகுதியில் பல இதழ்களில் இப்போது தெளிவாகவே இருக்கிறது.

கட்டுரையின் முழு வடிவம் கிடைக்கவில்லை என்பதை இனிக் காரணமாகச் சொல்ல வேண்டியதில்லை. மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்காக ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியிருக்கிறது. ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அதில் அடங்கும். உங்கள் பல்கலைக்கழகமோ அரசுக் கல்லூரியோ அதில் பதிவுசெய்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். சுயநிதிக் கல்லூரிகளில் படிப்பவர்கள் பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைப்பதைப் பார்க்கலாம். அங்கும் இல்லையென்றால் தொடர்பு ஆசிரியருக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் அனுப்பலாம். பெரும்பாலோர் தயங்காமல் அனுப்பிவைப்பார்கள். ஏற்காட்டிலிருந்து வந்துபோகும் மாணவர்கள், மலையேறுவதற்கு முன்பே, துணைத் தரவுக் கோப்புகளையும் சேர்த்து நூலகத்தில் இறக்கிக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் மேலே மின்சாரமும் சிக்னலும் போய்விட்டால் வாரக்கடைசி வீணாகிவிடும். துணைத் தரவுகள் இல்லாமல் இன்றைய நோயெதிர்ப்பியல் கட்டுரையைச் சரியாகப் படிக்கவே இயலாது.

படிக்கும்போது சுருக்கத்தை ஒரு முறை மட்டும் பார்த்துவிட்டு நேராகப் படங்களுக்குச் செல்லுங்கள். செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் கடத்தி அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முறையின் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல். கிடை அச்சில் ஒரு மூலக்கூறு, நெடு அச்சில் இன்னொன்று. நடுவில் ஒரு கட்டம் வரைந்து, அதன் மூலையில் 9.8 என்பது போன்ற ஒரு விழுக்காடு எழுதப்பட்டிருக்கும். மாணவர்கள் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே நின்று பார்க்க வேண்டியவை பல. அந்தக் கட்டம் எந்தக் கட்டுப்பாட்டு மாதிரியை வைத்து வரையப்பட்டது? அதற்கு முந்தைய படிகளில் இறந்த செல்களும் ஒட்டிக்கொண்ட செல்களும் நீக்கப்பட்டனவா? காட்டப்பட்டிருப்பது ஒரே எலியின் மாதிரி என்றால், எத்தனை எலிகளில், எத்தனை முறை இது திரும்பச் செய்யப்பட்டது என்று படக்குறிப்பு சொல்கிறதா? விழுக்காடு கூடியதற்கு அந்த வகைச் செல்கள் பெருகியது காரணமா, அல்லது பிற செல்கள் குறைந்துபோனது காரணமா என்பதை அறிய, மொத்த எண்ணிக்கையும் தரப்பட்டிருக்கிறதா? கடைசிக் கேள்விதான் ஒரு கட்டுரையின் வலுவை மிக விரைவாகக் காட்டிக்கொடுக்கும் என்பது என் எண்ணம்.

பிறகு யார் என்ன செய்தார்கள் என்று தொடர்ந்து செல்லுங்கள்

தாக்கம் என்பது இங்கேதான் இருக்கிறது. ஆகவே உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை இதற்கு ஒதுக்குங்கள். முழுமையான எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சியின் குழு 1995-இல் ‘ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜி’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. இயல்பான எலியின் சிடி4 வகை டி செல்களில் (எதிர்ப்பாற்றலை நடத்தும் வெள்ளணுக்களில் ஒரு வகை) ஏறத்தாழ 10 விழுக்காட்டின் மேற்பரப்பில் சிடி25 என்ற மூலக்கூறு இருக்கிறது. அந்தப் பத்து விழுக்காட்டை நீக்கிவிட்டு, மற்றவற்றை டி செல்களே இல்லாத எலிக்குள் செலுத்தினால், பெறும் எலியின் உடலே தன் உறுப்புகளைத் தாக்கத் தொடங்குகிறது. நீக்கிய செல்களையும் உடன் சேர்த்துச் செலுத்தினால் அந்த நோய் வருவதில்லை. ஆகவே, எதிர்ப்பாற்றலை அடக்கிவைக்கும் தனி வகைச் செல்கள் இயல்பான உடலிலேயே இருக்கின்றன என்பதுதான் அந்தக் கட்டுரையின் கூற்று. ‘அடக்கும் டி செல்’ என்ற கருத்தின் மீது 1980-களின் ஆய்வுகளுக்குப் பின் துறையே நம்பிக்கை இழந்திருந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கூற்றின் துணிவு விளங்கும்.

அடுத்து, வேறு எவரேனும் அதையே கண்டார்களா என்று தேட வேண்டும். அமெரிக்காவில் தார்ன்டனும் ஷேவாக்கும் 1998-இல், இந்தச் செல்கள் பிற டி செல்களின் பெருக்கத்தை அடக்குவதைச் சோதனைக் குழாய்ச் சூழலிலும் காட்டினார்கள். ஆனால் ஓர் இடர்ப்பாடு எஞ்சியிருந்தது. தூண்டப்பட்ட சாதாரண டி செல்லும் சிடி25-ஐக் காட்டும். எனவே அந்த ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து இருவகையையும் உறுதியாகப் பிரிக்க முடியவில்லை. மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் ஆகியோர், பிறவியிலேயே நோயுறும் ஒரு வகை எலியில் பழுதுபட்டிருந்த ஃபாக்ஸ்பி3 மரபணுவை 2001-இல் அடையாளம் கண்டார்கள். அந்த மரபணுதான் இந்தச் செல்களின் உருவாக்கத்தை ஆள்கிறது என்பதைச் சகாகுச்சியின் குழு உட்பட மூன்று குழுக்கள் 2003-இல் காட்டின. 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசை பிரங்கோ, ராம்ஸ்டெல், சகாகுச்சி ஆகிய மூவரும் பெற்றார்கள். கூற்று, உறுதிப்பாடு, எஞ்சிய ஐயம், ஐயத்தைத் தீர்த்தவர், அதன்பின் திறந்த வழி என்ற இந்த வரிசையைத்தான் நீங்கள் எந்த ஆய்வாளருக்கும் எழுத முயல வேண்டும். நோபெல் பரிசு வரை போகாத பணிக்கும் இதே வரிசை உண்டு; அது சிறியதாக இருக்கும், அவ்வளவுதான்.

இதைச் செய்வதற்கான நடைமுறை இது. தேர்ந்தெடுத்த கட்டுரையைக் கூகுள் ஸ்காலரிலோ ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்திலோ திறந்து, அதை மேற்கோள் காட்டியவற்றின் பட்டியலுக்குச் செல்லுங்கள். அதே ஆய்வாளரும் அவருடைய மாணவர்களும் எழுதியவற்றை ஒதுக்கிவிட்டு, வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்த இருபது கட்டுரைகளை எடுங்கள். ஒவ்வொன்றிலும் அவர் பெயர் வரும் வாக்கியத்தைக் கண்டுபிடித்து அப்படியே குறிப்பேட்டில் எழுதுங்கள். முன்னுரையில் பத்துப் பெயர்களோடு பதினோராவதாக வருகிறதா, செய்முறைப் பகுதியில் அவருடைய முறையைப் பின்பற்றியதாகச் சொல்லப்படுகிறதா, முடிவுகளைப் பேசும் இடத்தில் ‘இவர் கண்டதையே நாங்களும் கண்டோம்’ என்றோ ‘இவர் முடிவோடு எங்கள் முடிவு ஒத்துப்போகவில்லை’ என்றோ வருகிறதா என்று பாருங்கள். இருபது வாக்கியங்கள் எழுதி முடித்ததும், எந்த மொத்த எண்ணும் சொல்லாத ஒன்று உங்களுக்குப் புலப்படத் தொடங்கும். மறுத்து எழுதியவற்றை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். ஒருவருடைய பணியை மறுக்க இன்னோர் ஆய்வகம் ஓராண்டு உழைத்திருக்கிறதென்றால், அதுவும் அந்தப் பணி பொருட்படுத்தப்பட்டதற்குச் சான்றுதான்.

பிறர் எடுத்துச் சென்றதை மூல ஆய்வாளரின் கணக்கில் முழுதாக வைத்துவிடாமல் இருக்கவும் கவனம் வேண்டும். கட்டலின் கரிக்கோவும் டுரூ வைஸ்மனும் 2005-இல் ‘இம்யூனிட்டி’ இதழில் வெளியிட்ட கட்டுரை, சூடோயூரிடின் போன்ற மாற்றம் பெற்ற நியூக்ளியோசைடு என்ற கட்டுமான அலகுகளைக் கொண்ட ஆர்.என்.ஏ., எதிர்ப்பாற்றலைத் தொடங்கிவைக்கும் டென்ட்ரிடிக் செல்களைச் சாதாரண ஆர்.என்.ஏ. போலத் தூண்டுவதில்லை என்று காட்டியது. ஃபைசர்-பயோன்டெக், மாடர்னா ஆகிய கோவிட் தடுப்பூசிகளில் இருப்பதோ, 2015-இல் வேறொரு குழு மேலானது என்று காட்டிய என்1-மீதைல்சூடோயூரிடின். 2005-ஆம் ஆண்டின் கொள்கை இல்லாமல் இது வந்திருக்காது. ஆனால் ‘அந்தக் கட்டுரையில் சொன்ன பொருளே தடுப்பூசியில் இருக்கிறது’ என்று எழுதினால் அது பிழை. இந்தக் கட்டுரையை வெளியான சில ஆண்டுகளுக்குள் மேற்கோள் எண்ணால் மட்டும் எடைபோட்டிருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்போம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அது உலகறியப் பேசப்பட்டது 2020-க்குப் பின். அதற்கான நோபெல் பரிசு கிடைத்தது 2023-இல்.

மருத்துவத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் தொட்ட பணியென்றால், ஆய்விதழ்களுக்கு வெளியேயும் தேட வேண்டும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிரான ரோட்டாவேக் சொட்டுமருந்தின் களஆய்வு முடிவு 2014-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. தில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த அந்த ஆய்வில், கடுமையான ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கு எதிராக 53.6 விழுக்காடு பாதுகாப்பு கிடைத்தது. 2016-இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா வைரஸ் தடுப்புமருந்து சேர்க்கப்பட்டது. இன்று சேலம் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 6, 10, 14 வாரக் குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ் தடுப்புமருந்து கொடுக்கப்படுவதன் பின்னணி இதுதான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ககன்தீப் காங் போன்றோரின் பணியை எழுதும்போது, தடுப்பூசி அட்டவணைகளும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆவணங்களும் மேற்கோள் பட்டியலுக்கு இணையான சான்றுகளே. அதே வேளையில், ரோட்டாவேக்குக்கு அடிப்படையான வைரஸ் வகையைத் தில்லியில் முதலில் பிரித்தெடுத்தவர்கள் வேறு, மருந்தைத் தயாரித்தவர்கள் வேறு என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

இதழின் பெயரும் எண்களும்

எந்த இதழில் வந்தது என்பதைப் பார்த்தே கட்டுரையின் தரத்தைச் சொல்லிவிடும் பழக்கம் நம் கல்லூரிகளில் வேரூன்றிவிட்டது. இதற்கு மறுப்பாக நாமக்கல்லுக்கு நெருக்கமான ஒரு செய்தியையே சொல்லலாம். கோழியின் பின்புறக் குடலருகே உள்ள பர்சா என்ற உறுப்பை நீக்கிவிட்டால் அந்தக் கோழி எதிர்ப்பொருளை உருவாக்க முடியாமல் போகிறது என்று புரூஸ் கிளிக்கும் அவர் நண்பர்களும் கண்டார்கள். ‘சயின்ஸ்’ இதழ் அந்தக் கட்டுரையை ஏற்கவில்லை. 1956-இல் ‘பவுல்ட்ரி சயின்ஸ்’ என்ற கோழியின இதழில் அது வெளியானது. டி செல், பி செல் என்று இன்று பாடநூலில் நாம் படிக்கும் இருபிரிவுக்கு அது ஓர் அடித்தளம். பர்சாவைத் தாக்கும் கம்போரோ நோய்க்கு எதிராகக் குஞ்சுகளுக்குத் தடுப்புமருந்து கொடுக்கும் நாமக்கல் பண்ணையாளர்கள் காக்க முனைவது இந்த உறுப்பைத்தான்.

இம்பாக்ட் ஃபேக்டர் என்பது, ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு பெற்ற மேற்கோள்களை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பது. அது இதழின் சராசரி. அதில் வந்த ஒரு கட்டுரையைப் பற்றியோ அதன் ஆசிரியரைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது. ஆய்வாளர்களை மதிப்பிட அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆய்வு மதிப்பீடு பற்றிய சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2013-லேயே வலியுறுத்தியிருக்கிறது.

எச்-இண்டெக்ஸ், இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த அளவு. ஒருவருடைய கட்டுரைகள் 40, 22, 15, 9, 6, 5, 2 என்று மேற்கோள் பெற்றிருந்தால், ஐந்து கட்டுரைகளுக்கேனும் ஐந்தோ அதற்கு மேலோ கிடைத்திருக்கிறது. ஆறு கட்டுரைகளுக்கு ஆறு கிடைக்கவில்லை. ஆகவே அளவு 5. வயது கூடக் கூட இது கூடுமே தவிரக் குறையாது. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து எழுதும் கூட்டுக் கட்டுரைகளில் பெயர் இடம்பெற்றாலும் உயரும். எனவே முப்பத்தைந்து வயது ஆய்வாளரையும் அறுபது வயதுப் பேராசிரியரையும் இதை வைத்து ஒப்பிடுவது முறையன்று. துறைக்கும் ஆண்டுக்கும் ஏற்பச் சரிசெய்த அளவு வேண்டுமானால், அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் ஐசைட் தளத்தில் பப்மெட் கட்டுரைகளுக்கு இலவசமாகப் பார்க்கலாம். எந்த எண்ணை எழுதினாலும் எந்தத் தளத்தில், எந்த நாளில் எடுத்தது என்று உடன் எழுதுங்கள். ஆய்வேடுகளையும், இதழில் வருமுன் இணையத்தில் வெளியிடப்படும் முன்அச்சுகளையும் சேர்த்து எண்ணும் கூகுள் ஸ்காலரின் எண் ஸ்கோபஸின் எண்ணைவிடப் பெரிதாகவே பெரும்பாலும் இருக்கும்.

எழுதத் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சரிபார்ப்பு ஒன்று உண்டு. தேர்ந்தெடுத்த ஐந்து கட்டுரைகளில் ஏதேனும் திருத்தப்பட்டிருக்கிறதா, திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா என்று இதழின் சொந்தப் பக்கத்திலும் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்திலும் பாருங்கள்; வெளியான கட்டுரைகளைப் பற்றி விவாதிக்கும் பப்பியர் தளத்தில் வாசகர்கள் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு ஆசிரியர்கள் தந்த விடைகளையும் படியுங்கள். திருத்தம் வெளியிடுவது நேர்மையான செயல். அதைக் குற்றமாக எழுதிவிடாதீர்கள். பப்பியரில் எழுந்த ஐயத்தை நிரூபணமானதாகவும் எழுதாதீர்கள்.

இனி எழுதலாம். முதல் பத்தியில் விருதுகள் வேண்டாம். ‘டி செல்களில் ஒரு சிறு பிரிவு தன்னுடலைத் தாக்கும் எதிர்ப்பாற்றலை அடக்குகிறது என்று இவர் 1995-இல் எலிகளில் காட்டினார், மூன்று ஆண்டுகளில் வேறோர் ஆய்வகம் சோதனைக் குழாயில் அதை உறுதிசெய்தது, அந்தச் செல்களை அடையாளம் காண்பதில் இருந்த குழப்பம் ஃபாக்ஸ்பி3 மரபணு கண்டறியப்பட்ட பின் தீர்ந்தது’ என்பது போல, யார், எப்போது, எதில், எதைக் காட்டினார் என்று தொடங்குங்கள். எலியில் கண்டதை மனிதரில் கண்டதாக எழுதிவிடாமல் ஒவ்வொரு வாக்கியத்தையும் கட்டுரையோடு வைத்துப் பாருங்கள். ஆய்வாளர் தொடர்புகொள்ளக்கூடியவராக இருந்தால், தொகுத்த கட்டுரைப் பட்டியலை அவருக்கு அனுப்பி, விடுபட்டவை உண்டா, தம் பணியில் போதிய கவனம் பெறாதது எது என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் விடையில் இருக்கும் கட்டுரையையும் ஆறாவதாக எடுத்துப் படித்துவிட்டு, அதன் பிறகு எழுதியதை நெறியாளரிடம் கொடுங்கள்.